ஊற்றுத் தண்ணீரும் சில்வர் நைட்ரேட்டும்: ஒரு சொட்டுக் கணக்கு

கோத்தகிரி, குன்னூர் பக்கத்து ஊற்றுத் தண்ணீரில் குளோரைடு பார்க்க, கல்லூரிப் பழக்கத்தில் 0.1 நார்மல் (நார்மல் என்பது கரைசலின் செறிவு அளவு) சில்வர் நைட்ரேட்டைப் பியூரெட்டில், அதாவது அளவுக்கோடு போட்ட சொட்டுக் குழாயில் ஊற்றாதீர்கள். சமவெளிக் கிணற்றுக்கு அது சரி. லிட்டருக்கு 10 மில்லிகிராம் மட்டுமே குளோரைடு உள்ள தண்ணீரில் 100 மில்லி எடுத்தால், 0.28 மில்லியில், அதாவது ஆறே சொட்டில் வேலை முடிந்துவிடும். ஒரு சொட்டு கூடினால் கணக்கு போச்சு.

0.0141 நார்மல்தான் இங்கே தோது. 2.395 கிராம் சில்வர் நைட்ரேட்டைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து ஒரு லிட்டராக்கிப் பழுப்புப் பாட்டிலில் வையுங்கள். குழாய்த் தண்ணீரில் கரைத்தால் உடனே பால் போல் கலங்கும். அது சில்வர் குளோரைடு. ஒரு மில்லி கரைசல் 0.5 மில்லிகிராம் குளோரைடுக்குச் சமம். மேலே சொன்ன தண்ணீர் இப்போது 2 மில்லி வாங்கும். உலர்த்திய சோடியம் குளோரைடு 0.824 கிராமை ஒரு லிட்டரில் கரைத்து, அதை வைத்துச் செறிவைச் சரிபார்க்கலாம்.

முடிவை நிறத்தால் காட்ட, 100 மில்லி மாதிரிக்கு 5 சதவீதப் பொட்டாசியம் குரோமேட் 1 மில்லி. சில்வர் நைட்ரேட்டைச் சொட்டினால் முதலில் வெள்ளை வீழ்படிவு. குளோரைடு தீர்ந்தபின், குலுக்கியும் போகாத செங்கல் சாயல் மஞ்சளில் தங்கும். அங்கேயே நிறுத்துங்கள், நன்றாகச் சிவக்கட்டும் என்று காத்திருப்பதுதான் வழக்கமான தப்பு. வெறும் காய்ச்சி வடித்த நீருக்கே இந்த நிறம் வர 0.2, 0.3 மில்லி சில்வர் நைட்ரேட் பிடிக்கும். அதைக் கழிக்காவிட்டால் லிட்டருக்கு 1 முதல் 1.5 மில்லிகிராம் பொய்யாக ஏறும்.

அடுத்த வில்லங்கம் அமிலத்தன்மை. மலைத் தண்ணீரின் பி.எச். பல இடங்களில் 7-க்குக் கீழே. அப்போது குரோமேட் டைகுரோமேட்டாக மாறி, சிவப்பு தாமதமாக வரும். ஒரு சிட்டிகை சுத்தமான சோடியம் பைகார்பனேட் போதும். பி.எச். 10-ஐத் தாண்டினால் வெள்ளி ஆக்சைடாகப் பழுப்பாய் விழும்.

குடிநீருக்கான 250 மில்லிகிராம் வரம்பை இந்தத் தண்ணீர் நெருங்காது. ஆனாலும் ஒரே ஊற்றில் 8 இருந்தது 30 ஆனால், மேலே செப்டிக் டேங்க் கசிகிறதா என்று பாருங்கள்.

வெயிலில் விட்ட வீழ்படிவு ஊதாச் சாம்பலாகும். வெள்ளி உப்புகளின் இந்த வெளிச்சக் கூச்சத்தை நம்பித்தான் ஊட்டி இந்துநகரில் பிலிம் தொழிற்சாலையே ஓடியது. கழிவில் குரோமேட் இருப்பதால் ஓடையில் கொட்டாமல் கேனில் சேருங்கள். குடுவைக் கறையை அமோனியா கரைக்கும். அந்தக் கழுவுநீரை மட்டும் சேர்த்து வைக்காதீர்கள், நாள்பட்டால் வெடிக்கும் கருப்புப் படிவு உண்டாகும். அன்றே நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டு அமிலமாக்கிவிடுங்கள்.