சிரட்டைக்கரியால் அழற்சியை வடிக்க முடியுமா?

வன்னியில் காலபோக விதைப்போடு எலிக்காய்ச்சல் பற்றிய எச்சரிக்கைகளும் வந்துவிடும். வயற்சேற்றிலிருந்து கால்வெடிப்பு வழியாகப் புகும் அந்தப் பற்றீரியாவை நுண்ணுயிர்கொல்லிகள் அழிக்கும். ஆனால், நோய் முற்றியவர்களின் சிறுநீரகமும் நுரையீரலும் பழுதாவதில் அழற்சி எனப்படும் உடலின் சொந்த எதிர்வினைக்கும் பங்குண்டு. அந்த எதிர்வினையை மூட்டும் சைற்றோகைன் புரதங்களை இரத்தத்திலிருந்தே அகற்றிவிடலாம் என்ற எண்ணம் மருத்துவ ஆய்வாளர்களை நெடுங்காலமாக ஈர்த்துவருகிறது.

சாதாரண டயலிசிஸ் இதற்குப் போதாது. அது வெளியேற்றும் யூரியாவின் மூலக்கூற்று நிறை 60. அழற்சியைத் தூண்டும் சைற்றோகைன்களில் ஒன்றான டி.என்.எப். புரதத்தின் நிறையோ ஏறத்தாழ 51,000. ஆகவே இரத்தத்தை நுண்துளைகள் நிறைந்த மணிகளுக்கிடையே செலுத்தி, புரதங்களை அவற்றின் மேற்பரப்பில் ஒட்டவைக்கும் புறத்துறிஞ்சல் முறையை நாடினார்கள்.

மேற்பரப்பு என்றால் நமக்குச் சிரட்டைக்கரி நினைவுக்கு வரும். எங்கள் ஊர்களின் குடிநீர் சுத்திகரிப்பு நிலையங்களிலும் பயன்படும் உயிர்ப்பூட்டிய கரியின் ஒரு கிராமுக்குள் சுமார் 1,000 சதுர மீற்றர், அதாவது கால் ஏக்கர் பரப்பு மடிந்துகிடக்கிறது. இருந்தும் சைற்றோகைனுக்கு அது பெரிதாக உதவாது. ஏனெனில் சிரட்டைக்கரியின் துளைகளிற் பெரும்பாலானவை 2 நனோமீற்றருக்கும் குறுகியவை, டி.என்.எப். புரதமோ ஏறத்தாழ 9 நனோமீற்றர் அகலமானது. நுழைய முடியாத கால் ஏக்கரால் என்ன பயன்? யூரி கோகோட்சி, செர்கேய் மிகலோவ்ஸ்கி ஆகிய ஆய்வாளர்களின் குழுவினர் தைத்தேனியம் அலுமினியம் காபைட்டைக் குளோரீனிற் சூடாக்கி, உலோகங்களை வெளியேற்றி, புரதம் நுழையுமளவு அகன்ற துளைகளுடைய காபனை உருவாக்கி 2006இல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சிக்கலுக்கு நேரடியான விடை. எனக்கு இத்துறையில் மிகவும் பிடித்த வேலையும் அதுவே.

மருத்துவமனைக்கு வந்ததோ பலபகுதியத்தாலான (பொலிமர்) சைற்றோசோர்ப் மணிகள். ஐரோப்பாவில் 2011இல் அனுமதி பெற்ற அவற்றுக்கு, கொரோனாக் காலத்தில் அமெரிக்காவும் அவசர அனுமதி வழங்கியது. எனினும் ஜெர்மனியின் பிரைபுர்க்கில், செயற்கை நுரையீரல் பொருத்தப்பட்ட 34 கொரோனா நோயாளரில் நடத்திய பரிசோதனையின் முடிவு கவலைக்குரியது: இம்மணிகளைப் பெற்ற 17 பேரில் 3 பேரும், பெறாத 17 பேரில் 13 பேரும் 30 நாட்களின் பின் உயிரோடிருந்தனர், இன்டர்லூக்கின்-6 என்ற சைற்றோகைனின் அளவிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சிறிய பரிசோதனைதான், ஆனாலும் இதைப் புறந்தள்ளிவிட்டு விளம்பரத்தை நம்ப நான் தயாரில்லை.

துளை சரியாக அமைந்தாலும் தெரிவு செய்யும் ஆற்றல் இம்மணிகளுக்குக் கிடையாது. அழற்சியைத் தணிக்கும் புரதங்களையும், சில நுண்ணுயிர்கொல்லிகளையும் சேர்த்தே அவை பிடித்துக்கொள்கின்றன. எலிக்காய்ச்சல் முற்றிய ஒருவருக்கு இதைப் பொருத்துவதானால், மருந்தின் அளவை முதலில் மறுபடி கணக்கிட வேண்டியிருக்கும்.