ஆபத்து எனக்கா, என்னாலயா?

இசை நிகழ்ச்சிகளில் கூட்டத்தின் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒரு நிகழ்ச்சியில் முன்வரிசையிலிருந்து நகரச் சொன்னபோது, சக்கர நாற்காலியில் வந்திருந்த ஒரு பெண் என்னிடம் கேட்டது இவ்வளவுதான்: "ஆபத்து எனக்கா, என்னாலயா? அதை மட்டும் சொல்லுங்க சார்." நான் "ரெண்டும்தான்" என்றேன். யோசிக்காமல் வந்த பதில். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். சக்கர நாற்காலியின் பிரேக்கை எடுத்துவிட்டு, தம்பியிடம் "வாடா, போலாம்" என்றார். பேச்சு அதோடு முடிந்துவிட்டது. இரண்டு வருடம் ஆகப்போகிறது. நிகழ்ச்சிக்கு முன்னால் தடுப்பு வேலியைக் கையால் ஆட்டிப் பார்க்கும்போதெல்லாம் அந்த "ரெண்டும்தான்" நினைவுக்கு வந்துவிடுகிறது.

அப்போது முதல் குழு பாடி முடித்து இடைவேளை. மேடைக்கு இடது பக்கம், முன்தடுப்பை ஒட்டி அவர் இருந்தார். கூட அவர் தம்பி, இரண்டு தோழிகள். நான்கு பேரிடமும் நின்று பார்க்கும் பகுதிக்கான டிக்கெட் இருந்தது. கதவு திறந்ததும் முதல் ஆட்களாக உள்ளே வந்து பிடித்த இடம் அது. சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கென்று பின்பக்கம் தனி மேடை போட்டிருந்தோம். அங்கே கூட்டிப்போகச் சொல்லி ஒரு தன்னார்வலரை அனுப்பினேன். அந்தப் பையன் எதுவும் கேட்காமல் நாற்காலியின் பின்கைப்பிடியைப் பிடித்திருக்கிறான். "கைய எடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் பிரேக் போட்டுவிட்டார். அப்புறம்தான் வாக்கி டாக்கியில் என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் போய், அடுத்த குழு வந்ததும் பின்னாலிருந்து கூட்டம் தள்ளும், இங்கே இருப்பது நல்லதில்லை என்றேன். "தெரியும் சார், இதுக்கு முன்னாடியும் முன்வரிசையில நின்னிருக்கேன்" என்றார். நின்னிருக்கேன் என்றுதான் சொன்னார். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை நான் இன்னும் கைவிடவில்லை. நிற்கும் கூட்டத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 4 பேர் வரை இருந்தால் ஒருவர் தன் இஷ்டப்படி காலை நகர்த்தலாம், திரும்பலாம். 6, 7 என்று போனால் கூட்டம் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். பின்னால் யாரோ கொடுத்த சின்ன அசைவு முன்னால் வரும்போது அலையாக வரும். அதற்குள் இருக்கும் யாருக்கும் தன் உடம்பு தன் கையில் இல்லை. 2000-இல் டென்மார்க்கின் ரோஸ்கில்ட் இசை விழாவில் மேடைக்கு முன்னால் சிலர் விழ, அவர்கள் மேல் மற்றவர்கள் விழ, 9 பேர் இறந்தார்கள். 2021-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் நடந்த ஆஸ்ட்ரோவேர்ல்ட் விழாவில் 10 பேர். கூட்டம் நெஞ்சை அழுத்தியதில் மூச்சு போய் இறந்தவர்கள். இந்த வேலையில் இருக்கிறவர்கள் இந்த இரண்டு பெயர்களையும் சாதாரணமாக உச்சரிக்க மாட்டார்கள்.

முன்வரிசையில் ஒருவருக்கு மூச்சு முட்டினால் நாங்கள் செய்வது ஒன்றுதான். தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, வேலிக்கு மேலாக எங்கள் பக்கம் இழுத்துவிடுவோம். சில நொடி வேலை. சக்கர நாற்காலியில் இருப்பவரை அப்படித் தூக்க முடியாது. இடுப்புப்பட்டி போட்டிருக்கலாம், கால் தாங்கியில் பாதம் சிக்கலாம், தூக்கும் விதம் தவறினால் முதுகெலும்புக்கே கேடு வரலாம். பேட்டரி நாற்காலி என்றால் அதுவே 100 கிலோவுக்கு மேல்கூட இருக்கலாம். அவர் முகம் மற்றவர்களின் நெஞ்சு உயரத்தில் இருக்கும். அவர் கத்தினாலும் பின்னால் நிற்பவருக்குத் தெரியாது.

ஆக, ஆபத்து அவருக்கு. அவராலும் ஆபத்தா? ஒரு நாற்காலி ஏறக்குறைய 120 சென்டிமீட்டர் நீளம், 70 அகலம். மூன்று பேர் நிற்கும் இடம் அது. அலை வரும்போது முழங்கால் உயரத்தில் ஓர் இரும்புச் சட்டம் இருந்தால் ஒருவர் தடுக்கி விழலாம். ஒருவர் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு ரோஸ்கில்ட் இருக்கிறது. இப்படிப் பார்த்தால் "ரெண்டும்தான்" என்பது சரியான பதில்.

சரியான பதில் என்றால் ஏன் உறுத்துகிறது?

அவர் இரண்டையும் பிரித்துக் கேட்டார். நான் ஒன்றாக்கிவிட்டேன். ஆபத்து அவருக்கு மட்டும் என்றால், அதை ஏற்பதா வேண்டாமா என்று சொல்லும் உரிமையில் பெரும்பகுதி அவருடையது. முன்வரிசையில் நிற்கிற ஒல்லியான பதினெட்டு வயதுப் பெண்ணிடம் போய் "உனக்கு மூச்சு முட்டும், பின்னால் போ" என்று நான் சொன்னதே இல்லை. அவரால் மற்றவர்களுக்கு ஆபத்து என்றால்தான் முடிவு என்னுடையது. ஆனால் பெரிய முதுகுப்பையோடு நின்றவர்களும், தடுமாறும் அளவுக்குக் குடித்துவிட்டு வந்தவர்களும் அன்று முன்வரிசையில் இருந்தார்கள். அவர்களிடம் நான் போகவில்லை. இரண்டு காரணங்களும் தனித்தனியாக நின்றால் வலுவில்லை என்று எனக்கு உள்ளுக்குள் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் இரண்டையும் சேர்த்துக் கட்டினேன் என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள், அந்த நெருக்கடியில் அவ்வளவெல்லாம் யார் யோசித்தார்கள் என்றும் தோன்றுகிறது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அந்த நேரத்தில் இடது பக்கம் சதுர மீட்டருக்கு எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை. பார்வைக்கு இரண்டு, மூன்று பேர்தான் இருந்தார்கள். ஆனால் இடைவேளையில் நகர்த்தினால்தான் உண்டு. பாட்டு தொடங்கி கூட்டம் இறுகிவிட்டால் நாற்காலியை வெளியே கொண்டுவர வழியே இருக்காது. ஆபத்து கண்ணுக்குத் தெரிகிற வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். இந்த வேலையின் கஷ்டமே இதுதான். ஆதாரம் கையில் இல்லாதபோதுதான் முடிவெடுக்க வேண்டும். அன்று இரவு இடது பக்கம் கடைசி வரை நெரிசல் வரவில்லை. அதனால் என் முடிவு தவறென்று ஆகிவிடாது. சரியென்றும் ஆகாது.

அந்தத் தனி மேடையைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. அங்கே நாற்காலியில் இருப்பவரோடு துணைக்கு ஒருவருக்குத்தான் அனுமதி. தம்பி போனார், தோழிகள் முன்னாலேயே நின்றுவிட்டார்கள். முதல் பாட்டு தொடங்கியதும் முன்னால் நின்ற எல்லோரும் கையை உயர்த்தி ஆட ஆரம்பித்தார்கள். மூன்றாவது பாட்டின்போது அந்தப் பக்கம் சுற்றி வந்தேன். அவர் ஓரத்துத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி நின்றுகொண்டு பாடகர்கள் இருந்த மேடையைப் பார்த்தார். கடைசிப் பாட்டுக்கு முன்னால் இருவரும் கிளம்பிவிட்டார்கள்.

அடுத்த நிகழ்ச்சிக்கு அதே தனி மேடையைப் போட்டபோது ஒரு நாற்காலியை எடுத்துப்போய் அதில் உட்கார்ந்து பார்த்தேன். உட்கார்ந்த நிலையில் என் கண் சுமார் 120 சென்டிமீட்டரில் இருந்தது. மேடையின் உயரம் 30. கூட்டினால் 150. முன்னால் நிற்கிற நடுத்தர உயரமுள்ள மனிதனின் தலை 170-இல் இருக்கிறது, கை அதற்கும் மேலே. பள்ளிக்கூடத்துக் கூட்டல் கணக்கு. எத்தனையோ முறை அந்த மேடையை மேற்பார்வை செய்து, சரிவுப்பாதையின் சாய்வு 12-க்கு 1 (12 அடி நீளத்துக்கு 1 அடி உயரம்) சரியாக இருக்கிறதா என்று அளந்து கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அங்கிருந்து என்ன தெரியும் என்று ஒருமுறைகூட உட்கார்ந்து பார்த்ததில்லை.

அதோடு நிற்கவில்லை. தீ என்று வந்தால் இந்த மேடையில் இருப்பவர்கள் எப்படி வெளியேறுவார்கள் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தேன். ஒரே ஒரு சரிவுப்பாதை. அது இறங்குகிற இடம், மொத்தக் கூட்டமும் ஓடப்போகிற அதே வழி. எட்டு நாற்காலிகளுக்கு நான் நிறுத்தியிருந்த ஆட்கள் இரண்டு பேர். அவர்களுக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. முன்தடுப்பின் இடது மூலையிலோ, அவர் இருந்த இடத்திலிருந்து பத்தடியில், எங்கள் ஆட்கள் வந்துபோகும் வாசல் இருந்தது. நேராக வெளியே போகலாம். அன்றைய அறிக்கையில் நான் எழுதியது: "சக்கர நாற்காலியில் வந்த ஒருவர் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றப்பட்டார்." எதை வைத்து அதைப் பாதுகாப்பான இடம் என்று எழுதினேன்? என் வரைபடத்தில் அதற்கு அப்படிப் பெயர் போட்டிருந்தது, அவ்வளவுதான்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக ஐக்கிய நாடுகள் சபை 2006-இல் ஏற்ற உடன்படிக்கையில் 30-ஆவது பிரிவு கலை, பொழுதுபோக்கு, விளையாட்டு பற்றியது. மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்கும் உரிமை என்று அது சொல்கிறது. அந்தச் "சமமாக" என்ற சொல்லில்தான் மாட்டிக்கொண்டேன். முன்வரிசையில் நிற்கிற மற்றவர்களுக்குச் சமமாக என்றால் கசங்கும் வாய்ப்பும் சமமாகவா? அவர் கேட்டது கிட்டத்தட்ட அதைத்தான். நான் அதை அவருக்குத் தர மறுத்தேன். இப்படி எழுதிப் பார்க்கும்போது மறுத்தது சரி என்றுதான் படுகிறது. அவருடைய குரலோடு சேர்த்து நினைத்தால் அப்படிப் படவில்லை.

இப்போது சிலதை மாற்றியிருக்கிறோம். இடது மூலையில், வாசலை ஒட்டி, மூன்று பக்கமும் தனித்தடுப்பு போட்ட ஓர் இடம். கூட்டத்தின் அழுத்தம் உள்ளே வராது. கூட வந்தவர்கள் எல்லோரும் உடன் நிற்கலாம். டிக்கெட் வாங்கும்போதே, அவசரத்தில் உங்களை எப்படி வெளியே கொண்டுவர வேண்டும், யார் எங்கே பிடித்துத் தூக்கலாம் என்று கேட்டு எழுதிக்கொள்கிறோம். நாற்காலியைத் தொடுவதற்கு முன்னால் கேட்க வேண்டும் என்பதைத்தான் தன்னார்வலர்களிடம் முதலில் சொல்கிறேன்.

போன மாதம் ஒருவர் அந்த இடமும் வேண்டாம் என்றார். நடுவில், நண்பர்களோடு, தடுப்பை ஒட்டித்தான் இருப்பேன் என்றார். இந்த முறை நான் எண்ணினேன். சதுர மீட்டருக்கு மூன்று பேர். சரி, இருங்கள், நெரிசல் நாலைத் தாண்டினால் நகர்த்துவேன், அப்போது மறுக்கக் கூடாது என்றேன். ஒப்புக்கொண்டார். நிகழ்ச்சி முழுவதும் அவருக்கு நேர் எதிரே, தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றேன். நாலைத் தாண்டவில்லை. அவர் தொண்டை கட்டும் அளவுக்குப் பாடினார்.

என் கண் அந்த ஒரு நாற்காலியைவிட்டு நகரவே இல்லை. வலது பக்கத்தில் ஒரு பையன் மயங்கிச் சரிந்ததை நான் பார்க்கவில்லை. வேறொருவர் பார்த்து, வேலிக்கு மேல் இழுத்துப் படுக்கவைத்து, வாக்கி டாக்கியில் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினேன். பையன் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தான். ஒன்றும் ஆகவில்லை. அது நான் பார்த்திருக்க வேண்டிய பக்கம்.