கோழியிலிருந்து குருவிக்குத் தாவிய கிருமி

கோழிகளுக்கு நாள்பட்ட சுவாச நோயைத் தரும் மைக்கோபிளாஸ்மா கேலிசெப்டிகம் என்ற பாக்டீரியா, 1994 வாக்கில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஃபிஞ்ச் குருவிகளுக்குத் தாவியது. இமை வீங்கி, பீழை தள்ளிய கண்களோடு அவை தீனித் தட்டுகளில் வந்து அமர்ந்தன. கோழிகளில் வாழும் இக்கிருமி, தன்னைத் தாக்கும் வைரஸ்களின் டிஎன்ஏ துணுக்குகளைத் தன் மரபணுத்தொகுதியில் கிரிஸ்பர் என்னும் பகுதியில் வரிசையாகச் சேமித்து, அதே வைரஸ் மீண்டும் நுழைந்தால் அடையாளங்கண்டு, காஸ் என்னும் புரதத்தால் அதன் டிஎன்ஏவை வெட்டிவிடும் ஆற்றல் பெற்றது. குருவிகளிடமிருந்து 2007 வரை திரட்டிய கிருமிகளை ஆராய்ந்தபோது, புதிய துணுக்குகள் சேர்வது நின்று, அந்தத் தற்காப்பு அமைப்பே சிதைந்து போயிருந்தது தெரியவந்தது. ஏறத்தாழ 10 லட்சம் டிஎன்ஏ எழுத்துகளே கொண்ட சிறு மரபணுத்தொகுதியில் பயன்படாத கருவி நெடுநாள் நிலைப்பது கடினம். புதிய உடலில் வைரஸ் தொல்லை குறைந்திருக்கலாம் என்ற விளக்கமே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது.