நின்றுபோன இணைய இதழைத் தேசிய நூலகத்தில் சேர்த்த கதை

நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்திய எங்கள் இணைய இதழ் நின்றுபோய் வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் பழைய இதழ்கள் தளத்தில் இருந்தன, யாராவது தேடி வந்து படித்துக்கொண்டும் இருந்தார்கள். தளத்துக்கு இடம் கொடுத்திருந்த நிறுவனம் சேவையை நிறுத்தப்போவதாகச் சொன்னபோது, கூகுள் டிரைவில் போட்டுவிடலாமே என்றார் ஒருவர். அந்தக் கணக்கை யாரும் கவனிக்காமல் விட்டால் அதுவும் ஒருநாள் போய்விடும். பாதுகாப்பதையே கடமையாகக் கொண்ட இடம் தேசிய நூலகம்தான் என்று அங்கே எழுதிக் கேட்டேன்.

அச்சான புத்தகத்தில் ஒரு பிரதியை அரசு நூலகத்துக்குக் கொடுத்தாக வேண்டும் என்ற விதி 1537இல் பிரான்ஸ் மன்னர் முதலாம் பிரான்சுவா காலத்தில் தொடங்கியது. இணையத்தில் வெளியாவதையும் சேர்த்து வைக்கும்படி பிரான்ஸ் 2006இலும் பிரிட்டன் 2013இலும் சட்டத்தை விரித்தன. சிங்கப்பூரில் இது 2019இல் நடைமுறைக்கு வந்தது. இதில் எனக்குப் பெரிதாகப் படுவது, நல்ல எழுத்தா மோசமான எழுத்தா என்று நூலகம் தீர்ப்புச் சொல்வதில்லை என்பதுதான். எங்களைப் போன்ற சின்ன இதழ்களுக்கு வேறு எந்த வாசல் திறந்திருக்கிறது?

படிவம் எளிது. இதழின் பெயர், வெளிவந்த காலம், ஆசிரியர் குழு, அவ்வளவுதான். தொடர்ந்து வரும் இதழ்களுக்குக் கொடுக்கப்படும் சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என் எங்களிடம் இருக்கவில்லை, அதற்கும் அவர்களே வழி செய்தார்கள். அப்புறம் தளம் மூடப்படுவதற்குள் அதை அப்படியே நகலெடுக்க ஹெரிட்ரிக்ஸ் என்ற மென்பொருளை ஓட்டினார்கள். அது ஒவ்வொரு இணைப்பாகப் பிடித்துப் போய் எல்லாப் பக்கங்களையும் வார்க் என்ற வடிவத்தில் சேமிக்கிறது. ஆனால் இணைப்பு இல்லாத பக்கம் அதன் கண்ணில் படாது. பழைய வாசகர் கடிதங்கள் எல்லாம் தேடல் பெட்டியில் தேடினால் மட்டுமே வரும்படி இருந்ததால், அவற்றின் முகவரிகளைத் தனியாகப் பட்டியல் போட்டுக் கொடுத்தேன்.

உண்மையான வேலை எழுத்துருவில்தான் இருந்தது. எங்கள் ஆரம்பகால இதழ்கள், இன்று எல்லாக் கணினியிலும் இருக்கும் யூனிகோடு என்ற எழுத்துக் குறியீட்டு முறை பரவுவதற்கு முன்னால், திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டு முறையில் வந்தவை. நூலகர் திறந்து பார்த்தபோது திரை முழுக்க ஐரோப்பியக் குறிகளாகத் தெரிந்திருக்கிறது. திஸ்கியில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே எழுத்து பதிவாகும்: ‘கொ’ என்றால் முதலில் கொம்பு, பிறகு க, கடைசியில் கால். யூனிகோடில் க முதலில், ஒகரக் குறி அதன் பின்னால். மாற்றிக்கொடுக்கும் கருவிகள் இதைச் சரியாகவே செய்கின்றன, ஆனால் தலைப்பு மட்டும் வேறு எழுத்துருவில் இருந்த பக்கங்களில் தலைப்புகள் எல்லாம் சிதைந்து வந்தன, அவற்றை உட்கார்ந்து கையால்தான் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது.

மாற்றியதை அனுப்பினால் போதும் என்று நினைத்திருந்தேன். நூலகர் விடவில்லை. மூலக் கோப்பும் வேண்டும், அப்போது பயன்படுத்திய எழுத்துருக் கோப்பும் வேண்டும், யூனிகோடு பிரதியும் வேண்டும் என்றார். தமிழ் முதன்முதலில் இணையத்துக்கு வந்த விதம் அந்த மூலத்தில்தானே இருக்கிறது என்று அவர் சொன்னதும் எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு வைத்துக்கொள்கிறார்கள். பிற்காலத்தில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அந்த எண் ஒத்துப்போகாது.

2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தை இணையத் தாக்குதல் முடக்கிப்போட்டதையும், அதன் நூற்பட்டியலைக்கூட வாரக்கணக்கில் பார்க்க முடியாமல் போனதையும் சொல்லி, உங்கள் ஏற்பாடு என்ன என்று நேராகவே கேட்டேன். வெவ்வேறு இடங்களில் பிரதிகள் இருக்கின்றன, அதில் ஒன்று இணையத் தொடர்பே இல்லாதது என்றார்கள். சரி, நிம்மதி.

எனக்கு இன்னும் உறுத்துவது அனுமதி விஷயம். பாதுகாத்து வைக்கச் சட்டம் போதும், ஆனால் வீட்டிலிருந்தே யாரும் படிக்க வேண்டும் என்றால் எழுதியவர் ஒவ்வொருவரின் ஒப்புதலும் தேவை. சிலர் உடனே கையெழுத்துப் போட்டார்கள், காலமானவர்களின் பிள்ளைகளைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது, ஒரு கவிஞர் தன் ஆரம்பக் கவிதைகள் பொதுவில் வேண்டாம் என்றார். அது அவர் உரிமை. ஆனால் கண்டுபிடிக்கவே முடியாதவர்களின் எழுத்தும் நூலக வாசிப்பறைக் கணினியில் மட்டும்தான் கிடைக்கும் என்பது தூரத்தில் இருக்கும் வாசகருக்கு அநியாயம். முறையாகத் தேடியும் கிடைக்காதவர்களுக்கென்று தனி விதி வேண்டும், இதை நூலகத்துக்கும் எழுதியிருக்கிறேன்.

உங்களிடமும் இப்படி நின்றுபோன இதழோ வலைத்தளமோ இருந்தால், தளம் உயிரோடு இருக்கும்போதே நூலகத்துக்கு எழுதுங்கள். கூடவே எழுதியவர்களிடம் ஒப்புதல் கடிதம் வாங்கத் தொடங்கிவிடுங்கள், அதற்குத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நாள் பிடிக்கும். பழைய எழுத்துருக் கோப்புகள் கணினியில் எங்காவது கிடந்தால் அழித்துவிடாதீர்கள், நூலகர் கேட்பார்.