ஐநோடுக்குள் கை வைத்தால்

எங்கள் கம்பெனி விற்கும் சேமிப்புப் பெட்டிக்கென்று தனியாக ஒரு ஃபைல் சிஸ்டம் (டிஸ்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் மென்பொருள்) உண்டு. லினக்ஸின் உட்கருவான கெர்னலோடு சேர்ந்து வராத வெளி மாட்யூல். கோத்தகிரியில் உட்கார்ந்துகொண்டு அதைப் பராமரிப்பதுதான் என் பிழைப்பு. இந்த வடகிழக்குப் பருவமழையில் அதை 6.1 கெர்னலிலிருந்து 6.12-க்குக் கொண்டுபோனேன். நிரலைக் கம்பைல் போட்டதும் திரை முழுக்க ஒரே புகார்: ஐநோடில் ஐ_சிடைம் என்று எதுவும் இல்லை.

ஐநோடு என்பது ஒவ்வொரு ஃபைலுக்கும் இருக்கும் பதிவு. அளவு, உரிமையாளர், அனுமதி, மூன்று நேரங்கள் எல்லாம் அதில் இருக்கும். அந்த மூன்றில் சிடைம் என்பது ஃபைலோ அதன் விவரங்களோ கடைசியாக மாறிய நேரம்.

லீவுக்கு வந்திருந்த அக்கா மகன் கோவையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறான். எட்டிப் பார்த்துவிட்டு, "பேரைத்தானே மாத்திருக்காங்க சித்தி? ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் போட்டா முடிஞ்சுதே" என்றான். அவனுக்குச் சொன்ன பதில் நீண்டுகொண்டே போனதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஐநோடு இரண்டு இடத்தில் இருக்கிறது. டிஸ்கில் ஒன்று, மெமரியில் ஒன்று. டிஸ்கில் இருப்பது தேயிலை விவசாயி வீட்டில் வைத்திருக்கும் பசுந்தேயிலை வரவு நோட்டு மாதிரி. ஊரெல்லாம் போய்விட்ட நோட்டில் ஃபேக்டரிக்காரர் நினைத்த நேரத்தில் புதுக் கட்டம் போட முடியாது. லினக்ஸில் பரவலாக ஓடும் இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் பட்ட பாட்டைப் பாருங்கள். பழைய நேரக் கட்டம் 32 பிட், 2038 ஜனவரியோடு தீர்ந்துவிடும். அதை அப்படியே விட்டுவிட்டு, 256 பைட் ஐநோடில் மிச்சமிருந்த இடத்தில் இன்னொரு 32 பிட்டை ஒட்டினார்கள். அதில் 30 பிட் நானோசெகண்டுக்கு, மீதி 2 பிட் வருடத்தை நீட்டிக்க. இப்போது 2446 வரை தாங்கும். மெமரியில் இருக்கும் ஐநோடுக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. ரீபூட் செய்தால் எல்லாம் புதிது. கெர்னல்காரர்களும் உள் அமைப்புகளை அப்படியே வைத்திருப்போம் என்று யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை.

அப்புறம் ஏன் சிடைமைத் தொட்டார்கள்? நெட்வொர்க் வழியாக ஃபைல்களைப் பகிரும் என்எஃப்எஸ்தான் காரணம். ஃபைல் மாறிவிட்டதா என்று தெரிந்துகொள்ள என்எஃப்எஸ் 3 கிளையன்ட் (ஃபைலை வாங்கிப் படிக்கும் கணினி) நேரத்தைத்தான் பார்க்கும். கெர்னல் ஃபைலுக்குப் போடும் நேரமோ டைமர் துடிப்புக்கு ஒருமுறைதான் நகரும். 250 ஹெர்ட்ஸ் கெர்னல் என்றால் 4 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை. இன்றைய எஸ்எஸ்டிக்கு அது ஒரு யுகம். அந்த இடைவெளியில் ஃபைல் இரண்டு முறை மாறினாலும் நேரம் ஒன்றேதான். கிளையன்ட் பழைய டேட்டாவையே வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கும். எப்போதும் துல்லிய நேரம் போட்டால் என்ன என்று கேட்கலாம். அப்படிப் போட்டால் ஒவ்வொரு ரைட்டுக்கும் ஐநோடு மாறும், மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னலுக்கு வேலை கூடிவிடும்.

கெர்னல் டெவலப்பர் ஜெஃப் லேட்டன் கொண்டுவந்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. யாராவது நேரத்தைக் கேட்டுப் பார்த்திருந்தால் மட்டும் அடுத்த மாற்றத்துக்குத் துல்லிய நேரம் போடு. இல்லாவிட்டால் பழைய தோராய நேரமே போதும். "கேட்டார்கள்" என்ற குறியை எங்கே வைப்பது? நானோசெகண்டு எண் 100 கோடியைத் தொடாது, 30 பிட்டுக்குள் அடங்கிவிடும். 32 பிட்டில் மேலே இரண்டு பிட் சும்மா கிடக்கிறது. அதில் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

ஆனால் எல்லா ஃபைல் சிஸ்டமும் அந்தக் கட்டத்தை நேரடியாகப் படித்து எழுதிக்கொண்டிருந்தால் இது நடக்காது. அதனால் 6.6-இல் முதல் வேலையாக, சிடைமைப் படிக்கவும் எழுதவும் ஃபங்ஷன்கள் வந்தன. கட்டத்தின் பெயருக்கு முன்னால் இரண்டு அடிக்கோடு போட்டார்கள். அதற்குப் பிறகு பழைய பெயரில் தொடுகிறவனைக் கம்பைலரே பிடித்துக் கொடுத்துவிடும். பெயரை மாற்றியது அதற்குத்தான். 6.7-இல் மற்ற இரண்டு நேரங்களுக்கும் அதே சடங்கு. 6.11-இல் 16 பைட் நேர அமைப்பைப் பிரித்து, செகண்டுக்கு 8, நானோசெகண்டுக்கு 4 என்று ஆக்கினார்கள். சீராக அடுக்குவதற்காக விட்டிருந்த வெற்றிடம் போனதில் ஐநோடும் கொஞ்சம் இளைத்தது. இதற்காக ரொம்பக் குதிக்க வேண்டாம். ஐநோடுகளுக்கென்று கெர்னல் மொத்தமாக ஒதுக்கும் மெமரித் துண்டான ஸ்லாபில் ஒரு ஐநோடு கூடுதலாக அடங்கினால்தான் அந்தச் சேமிப்பு மெமரியில் தெரியும்.

நடுவில் ஒரு சறுக்கலும் உண்டு. துல்லிய நேரம் 6.6-க்கே உள்ளே வந்து, வெளியீட்டுக்கு முன்பே திருப்பி எடுக்கப்பட்டது. ஒரு ஃபைலுக்குத் துல்லிய நேரமும் அதற்குப் பிறகு மாறிய இன்னொன்றுக்குத் தோராய நேரமும் விழுந்தால், பின்னால் மாறியது முன்னால் மாறியதாகத் தெரியும். மாறிய ஃபைல்களை மட்டும் மறுபடி கம்பைல் செய்யும் மேக் (make) மாதிரி நேரத்தை ஒப்பிடும் கருவிகளுக்கு அது விஷம். துல்லிய நேரம் கொடுத்தால் அதற்குக் கீழே தோராய நேரமும் இறங்கக்கூடாது என்று ஒரு பொதுத் தரையைப் போட்ட பிறகு, 6.13-இல்தான் நிலைத்தது. திருப்பி எடுத்தபோதும் ஃபங்ஷன்களை விட்டுவைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். இரண்டாவது முறை வந்தபோது பெரும்பாலான ஃபைல் சிஸ்டங்களில் சொற்ப வேலைதான் மிச்சமிருந்தது.

கெர்னலுக்குள் இருக்கும் ஃபைல் சிஸ்டத்தை, அமைப்பை மாற்றுகிறவரே திருத்திக் கொடுக்க வேண்டும். வெளியில் இருப்பவர்கள் பாடு அவரவர் பாடு. இதைப் பற்றிப் புலம்புகிறவர்கள் நிறைய. எனக்கு இது நியாயமாகத்தான் படுகிறது. சோர்ஸ் கோடை வெளியில் காட்டாமல் வைத்திருப்பது எங்கள் முடிவு. அதன் கூலியை நான் வாங்குகிறேன்.

எங்களுக்கு 6.1 வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள். அதற்காகக் கோடு முழுக்க வெர்ஷன் நிபந்தனைகளைத் தூவ எனக்கு மனமில்லை. முக்கியக் கோடு புது ஃபங்ஷன்களை மட்டும் கூப்பிடும். பழைய கெர்னலுக்கு அதே பெயரில் சின்னச் சின்ன ஃபங்ஷன்கள் ஒரு தனி ஹெடர் ஃபைலில் இருக்கும். வெர்ஷன் எண்ணையும் நம்பவில்லை. நிறுவனங்களுக்கென்று வரும் லினக்ஸ் தொகுப்புகள் (டிஸ்ட்ரோக்கள்) புது மாற்றங்களைப் பழைய எண்ணுக்குள் செருகிவிடும். ஒரு துண்டுக் கோடைக் கம்பைல் செய்து பார்த்து, ஃபங்ஷன் இருக்கிறதா என்று ஸ்கிரிப்டே கண்டுபிடித்துக்கொள்கிறது.

ஃபைல் சிஸ்டங்களைச் சோதிக்கும் எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. மரம் விழுந்து லைன் அறுந்தால் நடுவில் நின்றுவிடும். திடீரென்று கரண்ட் போனால் ஜர்னல் தாங்குமா என்ற சோதனை எனக்கு இங்கே இலவசம். 6.13-க்கோ அதற்கு மேலோ போனால் ஃபைல் சிஸ்டம் பதிவில் ஒரு கொடியை (flag) சேர்த்தாலே துல்லிய நேரம் வந்துவிடும். என்எஃப்எஸ் 3 வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு அதைக் கொடுக்கலாமா என்று மேனேஜரிடம் கேட்டிருக்கிறேன். அவர் முதலில் 6.12-ஐ முடிம்மா என்கிறார்.