சளி இல்லாமல் வந்த காய்ச்சல்

பாப்பாவுக்கு அப்போது 10 மாதம். சளி இல்லை, இருமல் இல்லை, காய்ச்சல் மட்டும் 103 வரை ஏறும். "பல் முளைக்குதும்மா" என்றார் அத்தை. இரண்டு தடவை ஆன்டிபயாட்டிக் கொடுத்தோம், இறங்கியது. மூன்றாம் தடவை வேறொரு டாக்டரிடம் போனோம். "யூரின் கல்ச்சர் எடுத்தீங்களா?" என்றார். சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை அது. அதுவரை யாரும் எடுக்கச் சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை.

மருந்து தொடங்கும் முன்பே ட்யூப் விட்டுச் சிறுநீர் எடுத்தார்கள். ஒட்டும் பையில் பிடித்தால் தோலில் இருக்கிற கிருமியும் கலந்துவிடுமாம். ஈ.கோலை என்ற பாக்டீரியா வளர்ந்திருந்தது. ஸ்கேனில் இடது சிறுநீரகம் லேசாக வீங்கியிருந்தது.

தொற்று அடங்கியபின் எம்.சி.யூ எடுத்தோம், சிறுநீர் போகும்போது எடுக்கிற எக்ஸ்ரே. எனக்கு இன்றும் மறக்காத அரை மணி நேரம் அது. எக்ஸ்ரே மேஜையில் படுக்கவைத்து, மெல்லிய ட்யூப் வழியாக மூத்திரப்பையில் எக்ஸ்ரேயில் தெரிகிற மருந்தை நிரப்பினார்கள். அவள் அங்கேயே சிறுநீர் போக வேண்டும், அப்போதுதான் படம். வீறிட்டு அழுதாளே தவிர, போகவில்லை. நான் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பாடிக்கொண்டே இருந்தேன். நர்ஸ் வெதுவெதுப்பான நீரை வயிற்றில் ஊற்ற, போனாள். திரையில் வெள்ளைக் கோடு ஒன்று இடது பக்கம் மேலேறிச் சிறுநீரகத்தையே தொட்டது.

சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் மூத்திரப்பைச் சுவருக்குள் சாய்வாக நுழையும். பை நிரம்பும்போது அந்தப் பகுதி அழுந்தி மூடிக்கொள்ளும். பாப்பாவுக்கு அந்த நீளம் குறைவு, அதனால் சிறுநீர் திரும்ப ஏறுகிறது. இதற்கு ரிஃப்ளக்ஸ் என்று பெயர். தீவிரத்தை வைத்துப் பிரிக்கிற ஐந்து கிரேடில் பாப்பாவுக்கு மூன்றாவது. வளர வளரச் சரியாக வாய்ப்புண்டு, இப்போது ஆபரேஷன் வேண்டாம் என்றார் டாக்டர்.

ஐந்து மாதம் கழித்து, சிறுநீரகத்தில் தழும்பு இருக்கிறதா என்று பார்க்க எடுத்த டி.எம்.எஸ்.ஏ ஸ்கேனில் இடது சிறுநீரகத்தில் சின்னத் தழும்பு. அந்த முதல் இரண்டு காய்ச்சலை நினைத்து அன்று ராத்திரி முழுக்க அழுதேன்.

அப்புறம் தினமும் ராத்திரி ஒரு வேளை, குறைந்த அளவில் ஆன்டிபயாட்டிக் சிரப். அதைவிடப் பாடுபட்டது மலச்சிக்கலோடுதான். குடல் நிறைந்திருந்தால் மூத்திரப்பை முழுசாகக் காலியாகாது, மறுபடி தொற்று வரும். மலம் இளக மருந்து, நிறையத் தண்ணீர், விளையாட்டில் மூழ்கியிருந்தாலும் இரண்டு மூன்று மணிக்கொரு தடவை பாத்ரூம். காலுக்கு அடியில் குட்டி ஸ்டூல். போய்முடித்து, நூறு எண்ணிவிட்டு இன்னொரு தடவை.

நாலு வயதில் திரும்பப் பார்த்தபோது முதல் கிரேடுக்கு வந்திருந்தது. சிரப்பை நிறுத்தச் சொன்னார்கள். சிறுநீரகத் தழும்பால் பிபி ஏறலாம் என்பதால் வருஷாவருஷம் பார்க்கிறோம். தம்பி பிறந்ததும் அவனுக்கும் ஸ்கேன் எடுத்துவிட்டோம், கூடப்பிறந்தவர்களுக்கும் இது வரலாம் என்பதால்.

போன வாரம் பாப்பாவுக்குக் காய்ச்சல். மருந்து கொடுக்கும் முன் லேப் டப்பாவில் சிறுநீர் பிடித்துக்கொண்டு ஓடினேன். கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. வெறும் வைரல்தான்.