கோ-கார்ட்டுக்கு மோட்டார்: வாட்டை விட்டுப் பல்லை எண்ணுங்கள்

பேட்டரியில் ஓடும் கோ-கார்ட்டுக்கு (சிறிய திறந்த நான்கு சக்கர வண்டி) மோட்டார் தேடும் முன் எடையும் டயர் அளவும் கையில் இருக்க வேண்டும். நாங்கள் செய்த கார்ட் பேட்டரியோடு 85 கிலோ, ஓட்டுபவர் 65, ஆக 150. பின் டயர் 11 அங்குலம். ஒரு சுற்றுக்கு 88 செ.மீ. நகரும். சமதளத்தில் மணிக்கு 40 கி.மீ. போக டயர் உருளும் தடைக்குச் சுமார் 330 வாட், காற்றுக்கு 500 வாட். அப்படியானால் 1000 வாட் தாராளம் என்று தோன்றும். தாராளம்தான், அந்த வேகத்தைத் தொட்ட பிறகு.

பழைய காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரைப் போடலாமா என்று கேட்காதவர் இல்லை. வேண்டாம். அது சில நொடி சுற்றுவதற்காகச் செய்தது. பாரத்தோடு தொடர்ந்து ஓட்டினால் சுருள் கருகிவிடலாம். இ-ரிக்‌ஷாவின் டிஃபரன்ஷியலோடு (பின் அச்சின் பல்பெட்டி) வரும் மோட்டார் உழைக்கும், ஆனால் அதன் பல் விகிதம் சுமார் 18 அங்குலச் சக்கரத்தில் 25 கி.மீ. போக அமைத்தது. 11 அங்குல டயரில் அது 15-க்குள் அடங்கிவிடும். எடையும் அதிகம்.

கடைசியில் எடுத்தது எம்.ஒய். 1020 பிரஷ் மோட்டார் (சுழலும் சுருளுக்குக் கரித்துண்டு வழியே மின்சாரம் போகும் வகை): 48 வோல்ட், 1000 வாட், 3000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 3000 சுற்று). மோட்டாரின் பற்சக்கரத்தில் 11 பல், ஆக்சிலின் (பின் அச்சு) பற்சக்கரத்தில் 44 பல், அதாவது 4-க்கு 1. கணக்குப்படி வேகம் மணிக்கு 40 கி.மீ. சமதளத்தில் நன்றாகவே ஓடியது. 20 அடிக்கு ஓர் அடி உயரும் சரிவில் ஏற்றியதும் பிரஷ் தீயும் வாடை.

காரணம் எளிது. 3000 ஆர்.பி.எம்.மில் 1000 வாட் என்றால் முறுக்குவிசை 3.2 நியூட்டன் மீட்டர்தான். 4-க்கு 1-இல் அது டயரில் 91 நியூட்டன் தள்ளும். அந்தச் சரிவுக்குத் தேவை 104. மீதியை மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுத்துச் சமாளிக்கும். ஆம்பியர் இரட்டித்தால் சுருளில் சூடு நான்கு மடங்கு. பிரஷ் மோட்டாரில் அந்தச் சூடு சுழலும் பாகத்துக்குள்ளேயே தங்கிவிடும். வெளி உறை வெதுவெதுப்பாக இருக்கும்போதே உள்ளே சுருள் கம்பியின் மேல்பூச்சான வார்னிஷ் உருகத் தொடங்கியிருக்கும்.

இங்கே பலர் ஏமாறுவது ஆம்பியர் பார்ப்பதில். கிளாம்ப் மீட்டரை (ஒயரைக் கவ்விப் பிடித்து ஆம்பியர் காட்டுவது) பேட்டரி ஒயரில் மாட்டினால் 15 ஆம்பியர் காட்டும், நிம்மதியாக இருக்கும். த்ராட்டில் (வேகம் கூட்டும் பெடல்) பாதியில் இருக்கும்போது கன்ட்ரோலர் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) மோட்டாருக்குப் பாதி வோல்ட்தான் தருகிறது. அதனால் மோட்டார் ஒயரில் ஏறக்குறைய 30 ஆம்பியர் ஓடும். மோட்டார் ஒயரில்தான் மாட்ட வேண்டும். மீட்டர் டி.சி. அளக்குமா என்றும் பாருங்கள். மலிவானவை ஏ.சி.க்கு மட்டும், டி.சி.யில் பூஜ்யம் காட்டும்.

மோட்டாரை மாற்றாமல் பின் ஸ்ப்ராக்கெட்டை (செயின் ஓடும் பற்சக்கரம்) 66 பல் ஆக்கினோம். 6-க்கு 1. தள்ளுவிசை 136 நியூட்டன். வேகம் 26 கி.மீ.யாகக் குறைந்தது. சரிவில் வாடை இல்லை.

66 பல் எல்லாச் செயினிலும் அடங்காது. பைக்கின் 428 செயினில் அந்த ஸ்ப்ராக்கெட்டின் குறுக்களவு 27 செ.மீ.; டயரே 28, ஆக செயின் தரையைத் தேய்க்கும். 35-ஆம் நம்பர் செயினில் 20 செ.மீ., தரைக்கு மேல் மூன்று செ.மீ.க்கு மேல் இடைவெளி கிடைக்கும். மோட்டாரோடு வரும் 25-ஆம் நம்பர் செயின் இந்த எடைக்கு மெல்லியது, சீக்கிரம் நீளும். பற்சக்கரத்தை மாற்றும்போது செயினும் சுமார் 12 கண்ணி கூடும். மோட்டார் பிளேட்டில் வட்டத் துளை போடாமல் நீள்துளை போட்டால்தான் இழுத்துக் கட்ட முடியும். நடுவில் அழுத்தினால் ஒரு செ.மீ. ஆட்டம் போதும். இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் நேர்கோட்டில் உள்ளனவா என்று ஒரு நேரான கம்பியை வைத்துப் பாருங்கள். கோணினால் செயின் கழன்று ஓடும்.

மின் பக்கம் சுருக்கமாக: 16 செல் எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி, 40 ஆம்பியர் தாங்கும் பி.எம்.எஸ். (பேட்டரியைக் காக்கும் மின்பலகை), 6 சதுர மி.மீ. ஒயர், பேட்டரி முனைக்கு அருகிலேயே டி.சி. ஃபியூஸ். வீட்டு எம்.சி.பி.யை (தானாக விழும் சுவிட்ச்) நம்ப வேண்டாம், டி.சி. தீப்பொறி அதில் அணையாது.

40 கி.மீ.யும் மேடும் இரண்டும் வேண்டுமென்றால் இந்த மோட்டாரில் ஆகாது. அப்போது 2000 வாட் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத மோட்டார்); செயினில் இணைக்கும் வகையில் சுருள் சுழலாத வெளிப்பக்கத்தில் இருப்பதால் சூடு உறை வழியே வெளியேறும். மாட்டியதும் சக்கரத்தைத் தூக்கிவைத்து, காலி ஓட்ட ஆம்பியரைப் பாருங்கள். மோட்டார் நடுங்கினாலோ ஆம்பியர் எகிறினாலோ மோட்டாரைக் குறை சொல்லும் முன் மூன்று ஹால் ஒயர்களின் (சுழலும் பாகம் எங்கே இருக்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் சென்சார் ஒயர்கள்) வரிசையை மாற்றிப் பாருங்கள்.